கூரை ஆணியும் 1,550 கோடி டாலரும்

1992 ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை. இன்னும் விடியவில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மயாமியை ஒட்டிய கோரல் கேபிள்ஸ் என்ற ஊரில் தேசிய சூறாவளி மையம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. புயல் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலமாக இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லும் இடம் அதுதான். அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்த ரேடாரை அன்று அதிகாலை 'ஆண்ட்ரூ' சூறாவளி பிடுங்கி எறிந்துவிட்டது! புயலைக் கண்காணிப்பவர்கள் தலைக்கு மேலேயே புயல் வந்து உட்கார்ந்த கதை.

ரேடார் போனது பெரிய விஷயமில்லை. மையத்துக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட், புளோரிடா சிட்டி, கட்லர் ரிட்ஜ், கன்ட்ரி வாக் என்று வரிசையாகக் குடியிருப்புகள். பொழுது விடிந்து பார்த்தபோது டேட் கவுண்டியில் 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் முற்றிலும் அழிந்திருந்தன. இன்னும் ஒரு லட்சம் வீடுகள் சேதமாகியிருந்தன. ஹோம்ஸ்டெட்டில் சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்தும் 'மொபைல் ஹோம்' வகை வீடுகளில் நூற்றுக்கு 99 காணாமல் போயிருந்தன.

புயல் அடித்தால் வீடு இடியத்தானே செய்யும், இதில் என்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். ஆச்சரியம் இருக்கிறது. அமெரிக்காவிலேயே மிகக் கண்டிப்பான கட்டட விதி என்று பெயர் வாங்கியிருந்தது அந்த ஊரின் விதிதான். அந்த விதிப்படி கட்டி, அதிகாரி வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு, வங்கி கடன் கொடுத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசியும் கொடுத்த வீடுகள் அவை. இத்தனை பேர் 'இந்த வீடு தாங்கும்' என்று மதிப்பிட்டிருந்தார்கள். அத்தனை பேரும் எப்படி ஒரே நேரத்தில் தவறினார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் காற்றைப் பற்றிக் கொஞ்சம் கணக்கு. (பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.) மணிக்கு 119 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் அதை 'ஹரிகேன்' என்கிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரின் மேல் போடும் அழுத்தம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 39 கிலோ எடை அழுத்துவது போல அழுத்தும். 180 கிலோமீட்டர் என்றால் 156 கிலோ. 270 என்றால் 350 கிலோ. ஐந்து மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள கராஜ் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். 180 கிலோமீட்டர் காற்றில் அந்த மெல்லிய தகரக் கதவின் மேல் ஒன்றரை டன் சாய்ந்து நிற்கிறது. ஒரு கார் சாய்ந்து நிற்கிற மாதிரி.

ஆனால் வீட்டைக் கொல்வது தள்ளும் காற்று மட்டுமல்ல, தூக்கும் காற்றும்தான். கூரையின் மேல் வேகமாகப் போகும் காற்று கூரையை மேலே உறிஞ்சுகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த உறிஞ்சல் நடுக்கூரையைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இந்த நேரத்தில் ஒரு ஜன்னல் உடைந்தால் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையை உள்ளேயிருந்தும் மேலே தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல். எதிர்க்காற்றில் விரித்த குடை என்ன ஆகும் என்று மழைக்காலத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தெரியும்.

ஆக, வீடு தாங்குமா என்று பார்ப்பதென்றால் சுவர் எத்தனை அங்குலம் என்று பார்ப்பது மட்டும் போதாது. கூரையின் மேல் உள்ள பலகை கூரைச் சட்டத்தோடு எப்படிப் பிணைந்திருக்கிறது, சட்டம் சுவரோடு எப்படிப் பிணைந்திருக்கிறது, சுவர் அஸ்திவாரத்தோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சங்கிலி மாதிரி. இதில் ஒரு கண்ணி விட்டாலும் போச்சு. இந்தக் கண்ணிகள் எல்லாம் கட்டி முடித்த பிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பவை. வீடு வாங்குபவர் டைல்ஸைப் பார்ப்பார், சமையலறையைப் பார்ப்பார். கூரைப் பலகையில் எத்தனை ஆணி என்று யார் பார்ப்பது?

மயாமிக்குப் புயல் புதிதல்ல. 1926 செப்டம்பரில் அந்த ஊரை ஒரு பெரும் சூறாவளி புரட்டிப் போட்டது. நிலம் வாங்கி விற்கும் மோகத்தில் ஊர் திடீரென்று வீங்கியிருந்த சமயம் அது. வந்து குடியேறியவர்களில் பலர் புயலையே பார்த்ததில்லை. புயலின் கண் ஊருக்கு மேல் வந்து காற்று நின்றதும், எல்லாம் முடிந்தது என்று தெருவுக்கு வந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் மறுபக்கத்துக் காற்று வந்தது. இறந்தவர்கள் 370-க்கும் மேல். அதற்குப் பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டு கட்டட விதிகளை எழுத ஆரம்பித்தது. 1957-இல் டேட் கவுண்டி 'தென் புளோரிடா கட்டட விதி'யை ஏற்றது. மணிக்கு 120 மைல் (193 கிலோமீட்டர்) காற்றுக்கு ஏற்ப வடிவமைக்க வேண்டும் என்றது அந்த விதி. கான்கிரீட் கல் சுவர், அதற்கு மேல் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை, அதில் கூரையை இறுக்கிக் கட்டுவது என்று அந்தக் காலத்து வீடுகள் முரட்டுத்தனமாகவே இருந்தன.

இந்த விதி வேலைகளில் ஈடுபட்ட எஞ்சினியர்களில் ஒருவர் ஹெர்பர்ட் சாஃபிர். நியூயார்க்கில் பிறந்து, 1947-இல் டேட் கவுண்டிக்கு உதவிப் பொறியாளராக வந்தவர். 1969-இல் ஐக்கிய நாடுகள் சபை இவரிடம் ஒரு வேலை கொடுத்தது. புயல் வரும் பகுதிகளில் ஏழைகளுக்கான குறைந்த விலை வீடுகளை எப்படிக் கட்டுவது என்று ஆராய வேண்டும். ஆராயும்போது அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. நிலநடுக்கத்துக்கு ரிக்டர் அளவு இருக்கிறது, புயலுக்கு அப்படி எதுவும் இல்லை. 'பலத்த புயல்', 'மிகப் பலத்த புயல்' என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும்? அதனால் ஒன்று முதல் ஐந்து வரை ஒரு படிவரிசை போட்டார். அதைப் போட்டது வானிலையை வைத்து அல்ல, கட்டடங்களை வைத்து! எந்த வேகத்தில் கட்டாத மொபைல் ஹோம் நகரும், எந்த வேகத்தில் ஜன்னலும் கதவும் போகும், எந்த வேகத்தில் சின்ன வீடுகளின் கூரை முழுதாகப் போகும் என்பதுதான் அந்த ஐந்து படிகள்.

தேசிய சூறாவளி மையத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் சிம்ப்சன் அதில் கடல் எவ்வளவு உயரம் ஏறும் என்ற விவரத்தைச் சேர்த்தார். சாஃபிர்-சிம்ப்சன் அளவு பிறந்தது அப்படித்தான். (2010-இல் கடல் உயரம் மறுபடியும் நீக்கப்பட்டு, வெறும் காற்று அளவாக அது ஆகிவிட்டது. சாஃபிர் போட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.) இன்று டிவியில் 'கேட்டகரி 4', 'கேட்டகரி 5' என்று கேட்கும்போது, அது ஒரு சிவில் எஞ்சினியர் மலிவு வீடுகளைப் பற்றி யோசித்தபோது போட்ட கணக்கு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அளவு வந்துவிட்டது, நல்லது. ஆனால் அதில் ஒரு இடைவெளி இருந்தது. அது புயலுக்கு மார்க் போடுகிறது, வீட்டுக்கு மார்க் போடவில்லை. ஒரே தெருவில், ஒரே காற்றில், ஒரு வீடு நிற்கிறது, பக்கத்து வீடு தரைமட்டமாகிறது. இதை எந்தப் படியில் வைப்பது?

இந்தக் கேள்விக்கு முதலில் உருப்படியாகப் பதில் தேடியது அமெரிக்கா இல்லை, ஆஸ்திரேலியா. அதற்கு ஒரு ஊரையே விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் டார்வின். 1974 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள் அதிகாலையில் 'டிரேசி' என்ற புயல் ஊருக்குள் வந்தது. விமான நிலையத்தில் இருந்த காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் வரை காட்டிவிட்டு உடைந்துபோனது. 66 பேர் இறந்தார்கள். சுமார் 47,000 பேர் வாழ்ந்த ஊரில் குடியிருக்க வீடில்லாமல் 35,000-க்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களில் ஊரைவிட்டே அனுப்பப்பட்டார்கள். ஒரே ஜம்போ விமானத்தில் 670-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றி அனுப்பியதெல்லாம் அப்போது நடந்ததுதான்.

இடிபாடுகளைப் பார்க்க வந்தவர் டவுன்ஸ்வில் நகரின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வாக்கர். அவர் அறிக்கையில் கவனிக்க வேண்டியவை மூன்று. எஞ்சினியர் கணக்குப் போட்டுக் கட்டிய பெரிய கட்டடங்கள் ஓரளவு தப்பியிருந்தன. வழக்கமான முறையில், யாரும் காற்றுக்கென்று தனியாகக் கணக்குப் போடாமல் கட்டிய வீடுகள்தான் போயிருந்தன. இது முதலாவது. பறந்து வந்த மரக்கட்டையும் தகரமும் ஜன்னலை உடைத்து, உள்ளே காற்று புகுந்து, கூரை போயிருந்தது. போன கூரை பறந்து போய் அடுத்த வீட்டு ஜன்னலை உடைத்திருந்தது. ஒரு வீட்டின் பலவீனம் அந்த வீட்டோடு நிற்கவில்லை, தெரு முழுக்கத் தொற்றியது. இது இரண்டாவது.

மூன்றாவதுதான் யாரும் எதிர்பார்க்காதது. கூரைத் தகரங்கள் பலவும் திருகாணியைச் சுற்றிக் கிழிந்திருந்தன. ஆணி கழன்று வரவில்லை, ஆணி சட்டத்திலேயே இருக்கிறது, தகரம் மட்டும் அதைச் சுற்றிக் கிழிந்து போயிருக்கிறது! அந்தத் தகரம் ஆய்வுக்கூடத்தில் பாஸ் ஆனதுதான். ஆனால் அங்கே ஒரே சீராக எடை வைத்துச் சோதித்திருந்தார்கள். புயல் ஒரே சீராக அடிப்பதில்லை. இழுக்கும், விடும், இழுக்கும், விடும். மணிக்கணக்கில், ஆயிரக்கணக்கான முறை. மெல்லிய கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க முடியாது, முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று ஒடிந்துவிடும். அதேதான் இங்கேயும். உலோகம் களைத்துப்போனது.

அதன் பிறகு டார்வினில் புதிதாகக் கட்டும்போது விதிகள் தலைகீழாக மாறின. கூரைத் தகரத்தை ஆயிரக்கணக்கான முறை இழுத்து விட்டுச் சோதிக்க வேண்டும். மரக்கட்டையை ஜன்னல் மூடியின் மேல் எறிந்து சோதிக்க வேண்டும். வீடு என்றாலும் எஞ்சினியர் கணக்கு வேண்டும். 1977-இல் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் புயல் சோதனை நிலையம் ஒன்றும் தொடங்கப்பட்டது. வீட்டை மதிப்பிடுவது என்பது வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டுவது அல்ல, வீட்டின் துண்டுகளை எடுத்து வந்து உடைத்துப் பார்ப்பது என்று அங்கே முடிவானது.

டிரேசிக்கும் ஆண்ட்ரூவுக்கும் இடையே 18 வருடம். டார்வின் அறிக்கை ரகசிய ஆவணம் ஒன்றும் இல்லை. இந்த 18 வருடத்தில் மயாமியில் என்ன நடந்தது?

வீடு கட்டும் வேகம் கூடியது. ஜனம் வந்துகொண்டே இருந்தது, குடியிருப்பு குடியிருப்பாக எழுந்தது. வேகம் என்றால் பணம், மிச்சம் பிடிப்பது என்றாலும் பணம். பழைய வீடுகளின் கூரையில் கெட்டியான மரப்பலகை இருந்தது. பிறகு பிளைவுட் வந்தது. பிறகு மரச் செதில்களைப் பசை போட்டு ஒட்டிய மலிவுப் பலகை வந்தது. சுத்தியல் ஆணி போய், துப்பாக்கி மாதிரி அழுத்தினால் 'டக் டக்' என்று இறங்கும் ஸ்டேப்பிள் வந்தது. ஆம், காகிதத்துக்குப் போடுவோமே, அதன் பெரியண்ணன். இவை எதுவும் திருட்டுத்தனமாக நடந்ததில்லை. 1957-இன் கண்டிப்பான விதி கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அனுமதி கிடைத்தது. விதிப்புத்தகத்தின் அட்டையும் பெயரும் அப்படியே இருந்தன, புகழும் அப்படியே இருந்தது. உள்ளே பக்கங்கள் மாறிக்கொண்டிருந்தன.

அனுமதி கிடைத்ததையாவது ஒழுங்காகச் செய்தார்களா? ஆண்ட்ரூவுக்குப் பிறகு தரையில் கிடந்த கூரைப் பலகைகளைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குப் பதில் கிடைத்தது. வரிசையாக ஸ்டேப்பிள்கள், பளபளவென்று புதுசாக, எந்தச் சட்டத்திலும் இறங்காமல் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. சட்டம் கீழே ஒரு அங்குலம் தள்ளி இருக்க, மேலே நின்றவர் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே போயிருக்கிறார். முக்கோணச் சுவர் உள்ள கூரைகளில் அந்த முக்கோணத்தைப் பின்னால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. கராஜ் கதவுகள் உள்ளே மடங்கியிருந்தன. ஜன்னலில் மரக்கட்டை மோதினால் தாங்குமா என்ற சோதனை அன்றைய தென் புளோரிடா விதியிலேயே இல்லை. பரிசோதனை அதிகாரிகளோ ஒரு நாளைக்குப் பார்க்க முடியாத அளவுக்கு வீடுகளை 'பார்த்து'க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நேர் எதிராக ஒரு சின்னக் கதை. 'ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி' என்ற தொண்டு அமைப்பு ஏழைகளுக்காக அதே பகுதியில் சில வீடுகள் கட்டியிருந்தது. கட்டியவர்கள் தொழில் தெரிந்த கொத்தனார்களோ தச்சர்களோ இல்லை, பெரும்பாலும் சனி ஞாயிறு வந்து உதவிய தன்னார்வலர்கள். ஆண்ட்ரூவில் அந்த வீடுகள் பெரிய சேதமில்லாமல் நின்றன. இரண்டு ஆணி போதும் என்ற இடத்தில், பயந்துபோய்ப் பத்து ஆணி அடித்துவிட்டார்களாம்! தொழில் தெரியாததும் சில சமயம் நல்லதுக்குத்தான் :-)

'புயல் அப்படி, யார் என்ன செய்ய முடியும்' என்று எல்லோரும் கையை விரிக்க வசதியாக இருந்தது. ஆண்ட்ரூவை அப்போது கேட்டகரி 4 என்றார்கள். (பத்து வருடம் கழித்து, 2002-இல், மறுபடி கணக்குப் பார்த்து கேட்டகரி 5 என்று உயர்த்தினார்கள், காற்றின் வேகம் மணிக்கு 165 மைல்.) இவ்வளவு பெரிய புயலில் எந்த வீடும் போகத்தான் செய்யும் என்ற வாதத்தை உடைத்தது எஞ்சினியர் இல்லை, ஒரு பத்திரிகை. மயாமி ஹெரால்டு நாளிதழின் ஸ்டீபன் டோய்க் கம்ப்யூட்டரில் ஒரு வேலை செய்தார். புயலுக்குப் பின் வீடு வீடாக எடுத்த சேதக் கணக்கை ஒரு பக்கம் வைத்தார். கவுண்டியின் சொத்து வரிப் பதிவேட்டை மறுபக்கம் வைத்தார். வரிப் பதிவேட்டில் ஒவ்வொரு வீடும் எந்த வருடம் கட்டியது என்று இருக்கும். இரண்டையும் சேர்த்து, அதன் மேல் காற்றின் வேக வரைபடத்தையும் வைத்துப் பார்த்தார்.

காற்று அதிகமான இடத்தில்தான் சேதம் அதிகம் என்றால் புயல் குற்றவாளி. ஆனால் கணக்கு வேறு சொன்னது. காற்று குறைந்த சில இடங்களிலும் குடியிருப்புகள் நாசமாகியிருந்தன. கட்டிய வருடத்தைப் பார்த்தால், 1980-க்குப் பிறகு கட்டிய புது வீடுகள் பழைய வீடுகளைவிட மோசமாக அடிபட்டிருந்தன. புதுசு பழசைவிடப் பலவீனம்! தேய்மானம் என்று பாலன்ஸ் ஷீட்டில் வருடா வருடம் கழிப்பவர்களுக்கு இது கொஞ்சம் தலை சுற்றும். வயது கூடக் கூட மதிப்பு குறையும் என்பது கணக்குப்பதிவின் நம்பிக்கை, மயாமியின் காற்று அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பத்திரிகைக்கு 1993-இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

சரி, பணத்துக்கு வருவோம். வீட்டின் பலத்தை மதிப்பிட யாருக்கு அதிக அவசியம்? பில்டர் விற்றுவிட்டுப் போய்விடுவார். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். வீடு விழுந்தால் பணம் கட்ட வேண்டியது இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஆகவே அவர்களாவது பரணில் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கடந்த வருடங்களில் சராசரியாக எவ்வளவு இழப்பு என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி பிரீமியம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ரூவுக்கு முன் பல வருடங்கள் பெரிய புயல் எதுவும் மயாமியைத் தாக்காததால் சராசரி அழகாகத்தான் இருந்தது. அதுவரை அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் துறைக்கு மிகப் பெரிய புயல் இழப்பு 1989-இன் 'ஹியூகோ', சுமார் 400 கோடி டாலர்.

பாஸ்டனில் கேரன் கிளார்க் என்ற பெண்மணி மட்டும் வேறு மாதிரி யோசித்திருந்தார். 1987-இல் அவர் தொடங்கிய கம்பெனி, கற்பனைப் புயல்களைக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் ஓடவிட்டு, கரையோரத்தில் எத்தனை வீடுகள் இருக்கின்றன, எப்படிப்பட்டவை, எந்த வேகத்தில் எவ்வளவு சேதம் என்று கணக்கிட்டது. கடந்த காலச் சராசரி வேண்டாம், இன்று கரையில் நிற்கும் வீடுகளை எண்ணு என்பதுதான் அவர் சொன்னது. ஆண்ட்ரூ கரையேறிய சில மணி நேரத்தில் தன் வாடிக்கையாளர்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். இழப்பு 1,300 கோடி டாலரைத் தாண்டலாம் என்று. யாரும் நம்பவில்லை. ஹியூகோவைவிட மூன்று மடங்கா?

கடைசியில் வந்த பில் 1,550 கோடி டாலர். 11 இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் திவாலாயின. ஆல்ஸ்டேட் என்ற பெரிய கம்பெனி கொடுத்த இழப்பீடு 190 கோடி டாலர். புளோரிடாவில் 53 வருடம் தொழில் செய்து சம்பாதித்த மொத்த லாபத்தையும்விட அது 50 கோடி அதிகம். 53 வருட லாபம் ஒரே காலையில்! அதற்குப் பிறகு கேரன் கிளார்க்கின் ஃபேக்ஸை யாரும் ஓரமாக வைக்கவில்லை.

பணம் போனதும் எல்லோருக்கும் ஆணியின் மேல் அக்கறை வந்தது. ('ஆணி' என்றதும் நேசமணி ஞாபகம் வந்தால் கட்டுரை பொறுப்பல்ல.) 1994-இல் தென் புளோரிடா விதியில் பீரங்கி வந்தது. நிஜமாகவே பீரங்கிதான், காற்றழுத்தத்தில் இயங்குவது. இரண்டுக்கு நான்கு அங்குலம் கனமுள்ள, 9 பவுண்டு (சுமார் 4 கிலோ) எடையுள்ள மரக்கட்டையை விநாடிக்கு 50 அடி வேகத்தில் ஜன்னலின் மேல் சுடுவார்கள். கண்ணாடி விரிசல் விடலாம், ஆனால் ஓட்டை விழக்கூடாது. அதோடு முடியவில்லை. அடிபட்ட அதே ஜன்னலை ஆயிரம் முறைக்கு மேல் அழுத்தியும் இழுத்தும் பார்ப்பார்கள். டார்வினின் இரண்டு பாடங்களும் இருபது வருடம் கழித்து மயாமிக்கு வந்து சேர்ந்தன. 2002 மார்ச் முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே புளோரிடா கட்டட விதி நடைமுறைக்கு வந்தது.

பரீட்சையும் சீக்கிரம் வந்தது. 2004 ஆகஸ்ட் 13, புளோரிடாவின் மேற்குக் கரையில் பன்டா கோர்டா ஊரை 'சார்லி' தாக்கியது. இன்ஷூரன்ஸ் துறையின் ஆய்வு நிறுவனம் அந்தக் கவுண்டியின் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பிரித்துப் பார்த்தது. 1996-க்குப் பின் புது முறையில் கட்டிய வீடுகளிலிருந்து வந்த கோரிக்கைகள் பழையவற்றைவிட 60% குறைவு. வந்த கோரிக்கையிலும் தொகை 42% குறைவு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் புதுசு தோற்று பழசு ஜெயித்தது, இப்போது திரும்பிவிட்டது. அதே நிறுவனம் பிறகு தென் கரோலினாவில் 105 ராட்சத மின்விசிறிகள் உள்ள ஒரு கூடத்தைக் கட்டி, 2010-இல் இரண்டு முழு வீடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காற்றடித்தது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஒன்று வழக்கமான முறையில் கட்டியது, சிதறிவிட்டது. இணைப்புகளைப் பலப்படுத்திய மற்றது நின்றது.

இந்தக் கதையில் மிக சுவாரசியமான காகிதம் ஒன்று உண்டு. புளோரிடாவில் வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் தள்ளுபடி கேட்டால், அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் ஒருவர் வந்து ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். கூரை எந்த வடிவம், நாலாபக்கமும் சரிவா, முக்கோணச் சுவரா? சட்டமும் சுவரும் வெறும் ஆணியில் நிற்கின்றனவா, இரும்புப் பட்டை சுற்றியிருக்கிறதா? ஜன்னலுக்கு ஷட்டர் உண்டா? இதில் கூரைப் பலகைக்கான கேள்விதான் அழகு. ஸ்டேப்பிள் அல்லது இரண்டு அங்குல ஆணி என்றால் சதுர அடிக்கு 55 பவுண்டு தூக்குவிசையைத் தாங்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள். இரண்டரை அங்குல ஆணி, பலகையின் நடுப்பகுதியில் 12 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 103 பவுண்டு. அதே ஆணி 6 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 182 பவுண்டு. ஆணி அரை அங்குலம் நீளம், கொஞ்சம் நெருக்கம், அவ்வளவுதான். பலம் மூன்று மடங்குக்கும் மேல். ஒரு வீட்டுக்குக் கூடுதலாக ஆகும் ஆணியின் விலையையும் 1,550 கோடி டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பரிசோதகர் டார்ச்சோடு பரணில் ஏறி, குப்புறப் படுத்துத் தவழ்ந்து போய், கூரைப் பலகையைத் துளைத்து வந்த ஆணி முனைகளை அளக்கிறார். போட்டோவும் எடுத்து இணைக்க வேண்டும், 'பார்த்தேன்' என்று சொன்னால் போதாது. 1992-இல் யாரும் செய்யாத வேலை இதுதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். புளோரிடாவின் வடமேற்கு வால் போன்ற பகுதியை 'பான்ஹேண்டில்' என்பார்கள். அங்கே பெரிய புயல் வராது, கட்டுமானச் செலவு கூடும் என்று அரசியல் பேசி, கடற்கரையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் உள்ள வீடுகளுக்கு ஜன்னல் பாதுகாப்பு விதியிலிருந்து விலக்கு வாங்கிவிட்டார்கள். 2007 வரை அந்த விலக்கு இருந்தது. 2018 அக்டோபர் 10 அன்று 'மைக்கேல்' அங்கேதான் கரையேறியது. மணிக்கு 160 மைல், கேட்டகரி 5. மெக்சிகோ பீச் என்ற ஊரின் கடற்கரை வரிசையில் வீடுகள் துடைத்து எடுத்தாற்போலப் போயின. வானிலிருந்து எடுத்த படங்களில் ஒரே ஒரு பெரிய வீடு மட்டும் அநேகமாக முழுசாக நின்றது. அதன் உரிமையாளர்கள் விதி கேட்டதைவிட எவ்வளவோ அதிகமாக, மணிக்கு 250 மைல் காற்றுக்கென்று கட்டியிருந்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அந்த ஊரில் எல்லோரும் அப்படிச் செலவு செய்யக்கூடியவர்கள் இல்லை. சாஃபிர் 1969-இல் கணக்குப் போட உட்கார்ந்தது அந்த மற்றவர்களின் வீடுகளுக்காகத்தான்.

சாஃபிர் 2007 நவம்பரில், 90 வயதில் இறந்தார். அதே வருடம் புளோரிடா விதியில் ஒரு திருத்தம் வந்தது. புது விதி பழைய வீட்டைத் தொடாது என்பது எப்போதும் இருக்கும் சிக்கல். அந்தத் திருத்தம் அதில் ஒரு சின்ன வழி கண்டுபிடித்தது. கூரையின் மேல் போடும் ஓடோ தார்த்தகடோ இருபது, முப்பது வருடத்தில் தேய்ந்துவிடும், மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படிப் பிரிக்கும் அன்று அடியில் உள்ள பலகை வெளியே தெரியும். அன்றைக்கே, மறுபடி மூடுவதற்கு முன், குறைந்த ஆணி உள்ள பலகைகளுக்குப் புது ஆணி அடித்துவிட வேண்டும்.